வாங்க அக்கா சொன்ன ‘இல்ல’

எங்கள் தெருத் தையல்கார அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இன்று அவளுக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். எல்லோருக்கும் அவள் ‘வாங்க அக்கா’தான். வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் போதும், தையல் மெஷினிலிருந்து கால் எடுப்பதற்கு முன்பே “வாங்க, வாங்க” என்று குரல் வந்துவிடும். கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். வழி தவறி வந்தவனுக்கும் தண்ணீர், சட்டை இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்தவனுக்கும் தண்ணீர். குடித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

இதிலென்ன அதிசயம் என்று மேல் தெருக்காரர்கள் கேட்கலாம். அவர்களுக்கென்ன! குழாயைத் திருகினால் பளிச்சென்று கொட்டுகிறது, அதில் காரைக் குளிப்பாட்டுகிறார்கள். எங்களுக்கு வரும் குழாய் மட்டும் சாயப்பட்டறையின் கழிவுக் கால்வாய்க்கு அடியில் ஓட்டை உடைசலாகக் கிடக்கிறது. பட்டறையை எங்கே வைக்கலாம் என்று யோசித்த மகராசர்களுக்கு மேல் தெருப் பக்கம் கை நீளவே இல்லை. குழாயைத் திறந்தால் முதலில் நாற்றம் வரும், பின்னாலேயே தண்ணீர் வரும். பட்டறையில் அன்றைக்கு என்ன சாயமோ, எங்கள் குடத்திலும் அதே சாயம்.

அதனால் அக்கா விடிந்ததும் மேடேறி, மேல் தெருப் பூங்காக் குழாயில் ஒரு கேன் பிடித்துச் சுமந்து வருவாள். அவளோடு இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து அந்தக் கேனும் போதவில்லை. தண்ணீரில் கரைத்த மாவுப்பால் குடிக்கிற குழந்தை. வயிற்றுப்போக்கு நிற்பதும் வருவதுமாக, தூக்கினால் கையில் கனமே இல்லை. “தண்ணிய மாத்தாம மருந்த மாத்தி என்ன பிரயோஜனம்?” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கேன் குழந்தைக்கென்று ஆனது. வருகிறவர்களுக்கு அதிலிருந்து அரை டம்ளர்தான். அதற்கே அக்கா கூனிக் குறுகிப் போவாள்.

நாங்கள் நாயாய் அலைந்து குடிநீர் அலுவலகத்தை ஒருவழியாக அசைத்தோம். தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, கெட்டதென்றால் புதுக் குழாய் போடுவார்களாம். அதிகாரி வந்த நேரம் பார்த்து நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தோம். குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. “தண்ணி வந்ததும் இதுல புடிச்சு வைங்கம்மா, திரும்பும்போது வாங்கிக்கறேன்” என்று தெருவின் முதல் வீடான அக்கா வீட்டில் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சோதனை முடிவைத் தம்பிதான் போனில் கேட்டான். “குடிக்க ஏத்த தண்ணின்னு வந்திருக்காம்! புதுக் குழாய் கெடையாதாம்!”

தெருவே கொதித்தது. காசு வாங்கிவிட்டார்கள் என்றோம், பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்றோம்.

“பாட்டில்ல நீதானக்கா புடிச்ச?” என்றான் தம்பி.

“ஆமாடா. கொழாயில சிவப்பா வந்துச்சு. பாவம், வெயில்ல வந்த மனுஷன், அவர் கையில அதையா குடுக்கறது? கேன்லேர்ந்துதான் ஊத்திக் குடுத்தேன். பாட்டிலக்கூட சோப்பு போட்டுக் கழுவினேன்.”

மேல் தெருத் தண்ணீருக்கு எங்கள் தெரு முகவரியில் நற்சான்றிதழ்! சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள், எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாளே தன்னந்தனியாக அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். “நல்ல தண்ணியக் குடுத்து ஏமாத்தின ஆள இப்பத்தாம்மா பாக்கறேன்” என்றாராம் அதிகாரி.

மறுபடி வந்தார். இந்த முறை தண்ணீர் வரும் நேரத்தில் வந்து, தன் கையாலேயே பிடித்தார். நல்ல கருநீலம். மூடி, சீல் வைத்து, பைக்குள் போட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா?”

அக்காவின் கை தானாகக் கேன் பக்கம் போனது. அடியில் கொஞ்சம்தான் இருந்தது. உள்ளே குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. கை பாதியில் நின்றது.

“இல்ல சார்,” என்றாள். “இருக்கறது புள்ளைக்கு மட்டுந்தான்.”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதிகாரி பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேறொன்றும் கேட்காமல் நடந்தார். அவர் தெருமுனை தாண்டும் முன் அக்கா வாசலுக்கு ஓடினாள்.

“சார்! புதுக் கொழா போட்டதும் வாங்க சார்! வயிறு நெறையக் குடிக்கலாம்!”

குடிக்கவே கூடாத தண்ணீர் என்று இந்த முறை முடிவு வந்தது. அதைக் கேட்டுக் கைதட்டிக் கூத்தாடிய தெரு உலகத்திலேயே எங்கள் தெரு ஒன்றாகத்தான் இருக்கும். புதுக் குழாய்க்குக் குழி தோண்டும் ஆட்களுக்காகக் காத்திருக்கிறோம். அக்கா இன்னமும் மேடேறிக்கொண்டுதான் இருக்கிறாள். அதிகாரிக்கென்று ஒரு டம்ளரைத் துலக்கித் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதை வேறு யாரும் தொடக் கூடாது.