மோர்ஓவரைக் கைவிட்டது எப்படி

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் தேர்வில் இரண்டாவது முறையும் எழுத்துத் தாளில்தான் தோற்றேன். பேசுவது, கேட்பது, படிப்பது எல்லாம் தேறியிருந்தன. பாண்டிச்சேரி கோச்சிங் சென்டரில் என் பயிற்சிக் கட்டுரைகளைத் திருத்திய சார் காரணம் சொன்னார்.

“கிராமர்ல பெரிசா தப்பு இல்ல மேடம். கோஹீஷன் இல்ல, கோஹீரன்ஸ் இல்ல. வாக்கியம் எல்லாம் தனித்தனியா நிக்குது.”

சொல்லிவிட்டு இணைப்புச் சொற்கள் அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்தார். மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஹவெவர், தேர்ஃபோர். மனப்பாடம் செய்து அங்கங்கே போடச் சொன்னார். நானும் போட்டேன். சாம்பாரில் பெருங்காயம் போடுவதுபோல இல்லை, உப்புப் போடுவதுபோலப் போட்டேன்.

அப்போது பாண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. வீடு மரக்காணத்தில், கணவரும் சின்ன மகளும் நானும். கணவர் குடும்பத்துக்கு அங்கே சில உப்புப் பாத்திகள் உண்டு, அவரே இறங்கி வேலை செய்வார். மாலை ஷிப்ட் இல்லாத நாட்களில் ஈ.சி.ஆர் பஸ்ஸில் எனக்குத் துணை, எங்கள் மருத்துவமனை லேபில் வேலை செய்யும் பெண். கூனிமேட்டுக்காரி, என்னைவிடச் சின்னவள், கணவர் துபாயில். போனில் இங்கிலீஷ் துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளுவாள். கோட்டக்குப்பம் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். கிடைத்ததும் அவள் போனைத் திறப்பாள், நான் என் கட்டுரையைத் திறப்பேன்.

ஒருநாள் அவளிடமே அதைக் கொடுத்தேன். ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்று விளக்கும் பயிற்சி. தெரிந்ததையே எழுதலாமென்று உப்பை எடுத்திருந்தேன். படித்தவள் நெற்றியைச் சுருக்கினாள், வரிவரியாகத் தமிழாக்கிச் சொல்லிக் காட்டினாள்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. ‘கடல்தண்ணி பாத்திக்குள்ள விடப்படுது. மோர்ஓவர், வெயில் கடுமையா இருக்குது. தேர்ஃபோர், இட் கெட்டியாவுது. ஹவெவர், இட் அடுத்த பாத்திக்குப் போவுது. ஃபர்தர்மோர், இட் விக்கப்படுது.’ இந்த ‘இட்’ யாருக்கா? தண்ணியா, உப்பா, வெயிலா? வெயில அள்ளி விக்கிறாங்களா உங்க ஊர்ல?”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அவள் விடவில்லை.

“அப்புறம் இந்த ஹவெவர். ‘ஆனா’ன்னு சொன்னா ஏதோ தடங்கல் வரும்னு காத்திருக்கேன். ஒண்ணும் வரல. தண்ணி பாட்டுக்கு அடுத்த பாத்திக்குப் போவுது.”

“ஏம்மா, நீ உப்பளத்துக்குள்ள போனதே இல்லையா?”

“பஸ்ல இருந்து பாக்குறதுதான். வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்க. எப்படி வருதுன்னு நிஜமாவே தெரியாதுக்கா. சொல்லுங்க.”

சொன்னேன். “தண்ணிய மொதல்ல பெரிய பாத்தில தேக்குவாங்க. அங்க வெயில்ல சுண்டும். சுண்டின தண்ணிய சின்னப் பாத்திக்கு மாத்துவாங்க. அந்தச் சின்னப் பாத்தில இன்னும் சுண்டி, அடியில உப்பு விளையும். விளைஞ்ச உப்ப வாரி வரப்புல குவிப்பாங்க.”

“இப்பப் புரிஞ்சிருச்சு,” என்றாள். “இதையே இங்கிலீஷ்ல எழுதுங்களேன். நீங்க இப்ப ஒரு மோர்ஓவர்கூட சொல்லலியே.”

அவள் கூனிமேட்டில் இறங்கிவிட்டாள். மீதி வழியெல்லாம் அந்த ஐந்து வாக்கியங்களை நானே எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘சுண்டும்’ என்று முடித்தேன், ‘சுண்டின தண்ணி’ என்று தொடங்கினேன். ‘விளையும்’ என்று முடித்தேன், ‘விளைஞ்ச உப்பு’ என்று தொடங்கினேன். கேட்பவளுக்கு அறிமுகமானதில் கால் வைத்துத்தான் புதியதற்குப் போயிருக்கிறேன். இதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. தமிழில் தானாக வந்தது, இங்கிலீஷில் எழுத உட்கார்ந்ததும் தொலைந்துபோனது. இங்கிலீஷில் நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. மார்க்குக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இங்கிலீஷிலும் அவளிடம் சொல்வதுபோலவே எழுதிப் பார்த்தேன், வாக்கியங்கள் ஒட்டத் தொடங்கின. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நகர வாழ்க்கையா, கிராம வாழ்க்கையா என்ற கட்டுரையைப் பெருமையோடு அவளிடம் நீட்டினேன். நகரத்தில் பஸ் உண்டு, பஸ் புகை விடும், புகையால் ஆஸ்துமா வரும், ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்து வந்திருக்கிறது என்று நான்கு வரிக்குள் நெபுலைசர் வரை போயிருந்தேன்.

“ஒவ்வொரு வரியும் அடுத்த வரியோட ஒட்டுதுக்கா. ஆனா மொத்தமா எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னுதான் தெரியல. உங்களுக்கு எது புடிக்கும்? நகரமா, கிராமமா?”

அதை நான் முடிவு செய்திருக்கவே இல்லை. சார் சொன்ன இரண்டு சொற்களும் ஒன்றல்ல என்று அன்றுதான் உறைத்தது. ஒன்று வரியை வரியோடு கட்டுவது. மற்றது, எல்லா வரியும் ஒரே விஷயத்துக்காக நிற்பது. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம்.

அதற்குப் பிறகு எழுதும் முன்பே சொல்ல வந்ததை ஒரே வரியில் அவளிடம் சொல்லிவிடுவேன். அதற்கு உதவாத வரியை, எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், என் போனிலேயே அவள் அழித்துவிடுவாள். சில நாள் சண்டைகூட வந்தது. “அது நல்ல வரிடீ!” என்பேன். “நல்ல வரிதான், வேற கட்டுரைக்கு,” என்பாள்.

மூன்றாவது தேர்வில் இணைப்புச் சொற்களைப் பயந்து பயந்துதான் தொட்டேன். ஒரே ஒரு ஹவெவர் எழுதினேன். அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு தடங்கல் இருந்தது.

ரிசல்ட் வார்டு மருந்தறையில் நிற்கும்போது வந்தது. தேவையான மதிப்பெண், அதற்கு மேல் ஒன்றுமில்லை. லேபுக்குப் போன் செய்தேன். கிளவுஸைக்கூடக் கழற்றாமல் மாடியேறி ஓடி வந்தவள், “மாஷா அல்லா!” என்று கைகளை உயர்த்தியபடியே நின்றாள், கட்டிப்பிடிக்க முடியாமல்.

மாலையில் நேராகப் பாத்திக்குப் போனேன். கணவர் வரப்பில் உப்பு குவித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். குவிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“அப்போ போயிடுவியா?”

“மொதல்ல நான் போறேன். அப்புறம் நீங்களும் பாப்பாவும் வர்றீங்க.”

“அங்க வந்து நான் என்ன பண்றது?”

“தெரியலீங்க. போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். புரியிற மாதிரி சொல்லுவேன்.”

சிரித்துவிட்டார்.

இப்போது விசாவுக்குக் காத்திருக்கிறேன். உப்பு நன்றாக விளையும் காலத்தில் அவர் ஒருநாளும் பாத்தியை விட்டு நகர்ந்ததில்லை. போன வாரம் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய்வந்தார்.