நான் ஆமென் சொல்லாத விண்ணப்பம்

பிரியமானவர்களே, என் தவறைச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது. சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறக்க இருந்த ஒரு கதவை, போன வருஷம் மாசி மாதம் என் கையாலேயே சாத்தினேன்.

அப்போது நான் கல்வியியல் விரிவுரையாளராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஜெபவீட்டில் எல்லாருக்கும் நான் ‘புரொபசர் அக்கா’. அதற்கு இன்னும் கனகாலம் கிடக்கிறது என்றால் யார் கேட்கிறார்கள்! பதினோராம் வகுப்புக்குப் பிறகு வருகிற உயர்தரத்தில், பொறியியலுக்கு வழிவிடும் இணைந்த கணிதம் படிக்க எந்தப் பிள்ளைகளுக்கு வழி கிடைக்கிறது, எவருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆய்வு. திருகோணமலை நகரத்தில் அந்தப் பாடம் உண்டு. நான் ஆய்வுக்குப் போன சம்பூர்ப் பக்கத்துப் பாடசாலையில் இல்லை.

இந்த ஆய்வை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். 2006இல் எனக்குப் பதினாறு வயது. நகரத்துக்குப் போய் இணைந்த கணிதம் படிப்பேன் என்று புத்தகம்கூட வாங்கி, உறை போட்டு வைத்திருந்தேன். பிறகு சண்டை மூண்டு, அந்தப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடினோம். அகதி முகாமுக்குப் பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு மட்டும்தான். படித்தேன், ஆசிரியரானேன், பெரிய பட்டமும் எடுத்தேன். ஆனால் அந்தப் பாடத்தில் வருகிற தொகையீடு இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தனியார் வகுப்பு நடக்கிற டியூட்டரி வாசலில் அந்தப் புத்தகத்தோடு நிற்கிற பிள்ளைகளைக் கண்டால் இப்போதும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

பாடசாலையில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்விக்கொத்துக் கொடுத்தேன். ‘இணைந்த கணிதம் படிக்க விருப்பமா?’ என்பது ஒரு கேள்வி. திருப்பி வாங்கிப் பார்த்தால், கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட ‘விருப்பமில்லை’ என்ற கட்டத்தில்தான் அடையாளம் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. இதுகளுக்காகவா நான் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று நினைத்தேன். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டபடியால், அவசரத்தில் ஓர் இடைக்கால அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியையை அனுப்ப அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. என் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “அங்க பிள்ளைகளுக்கே விருப்பமில்லையாம்” என்று அவரை வேறு இடத்துக்குப் போடத் தீர்மானித்தார்கள். இது பிறகுதான் என் காதுக்கு வந்தது. பிள்ளைகள் எழுதினதைத்தானே நானும் எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. “ஆண்டவரே, எங்கேயோ பிழை விட்டுவிட்டேன். எங்கே என்று காட்டும்” என்று ஒரு கிழமை, ஏழு நாளும் அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஜெபவீட்டில் உபவாச ஜெபம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பங்களைப் பெயர் போடாமல் துண்டில் எழுதி ஒரு பழைய பிஸ்கட் தகர ரின்னில் போடுவோம். ஆளுக்கொன்று எடுத்து, சத்தமாக வாசித்து ஜெபிக்க வேண்டும். சபை ஆமென் சொல்லும். என் முறை வந்தது. துண்டை விரித்து வாசித்தேன்.

‘எனக்குக் கணக்குப் படிக்கிற ஆசை இல்லாமல் போக வேண்டும். அதற்காக ஜெபிக்கவும்.’

அவ்வளவுதான். துண்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு நானும் இதே ஜெபத்தைத்தானே செய்தேன்! இந்த ஆசையை எடுத்துவிடும், எடுத்துவிடும் என்று எத்தனை நாள் கெஞ்சினேன். இருபது வருஷமாகியும் அவர் எடுக்கவில்லை.

“என்ன பிள்ளை, ஜெபியுங்கோவன்” என்றார் போதகர்.

“ஏலாது ஐயா. இதுக்கு நான் ஆமென் சொல்லமாட்டன்” என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

ஜெபம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது ஜெனிற்றா பக்கத்தில் வந்தாள். எங்கள் சபைப் பிள்ளை, அந்தப் பாடசாலையில்தான் பதினோராம் வகுப்பு. தகப்பன் கடற்றொழில்.

“அக்கா, அது நான் எழுதினது.”

“ஆசையை வச்சுக்கொண்டு ஏன் விருப்பமில்லையெண்டு அடையாளம் போட்டனீங்கள்?”

“விருப்பமெண்டு போட்டா மிஸ்மார் சொல்லி அப்பாவுக்குத் தெரியவரும். தெரிஞ்சா என்னை டவுனுக்கு அனுப்பவெண்டு மீன்பிடி வள்ளத்தை விப்பார். மற்றப் பிள்ளைகளின்ர வீட்டிலயும் இதே கதைதான், அதுதான் எல்லாரும் அப்பிடிப் போட்டனாங்கள்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில், கஷ்டப்பட்ட வீட்டுக்குப் போனால் பசித்த பிள்ளையும் அவர்களுக்குப் பாரமாகக் கூடாதென்று “சாப்பிட்டுட்டன் மாமி” என்றுதான் சொல்லும். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். பேராசிரியர் ஆகப் போகிறவளுக்கு அது மறந்து போய்விட்டது, பாருங்கள்!

அன்றைக்கே அவளோடு வீட்டுக்குப் போனேன். தகப்பன் வலை தைத்துக்கொண்டிருந்தார். மகளின் ஆசையைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “வேண்டாமெண்டு நான் எப்ப மிஸ் சொன்னனான்? இவள் ஒருநாளும் வாய் திறந்து கேட்கேல்லையே” என்று சொல்லி, மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை திரும்பவும் பாடசாலைக்குப் போனேன். கேள்விக்கொத்து இல்லை. என் கதையைச் சொன்னேன். “டவுனுக்குப் போகத் தேவையில்லை. இங்கேயே பாடம் தொடங்குதெண்டு வையுங்கோ. ஆர் வருவீங்கள்?” என்று கேட்டு ஒரு வெறும் தாளை மேசையில் வைத்தேன். முதலில் ஜெனிற்றா எழும்பி வந்து பெயரை எழுதினாள். அதற்குப் பிறகு பேனை ஓயவில்லை.

அந்தத் தாளோடு அலுவலகத்துக்குப் போக எனக்குப் பயம். அறிக்கை பிழை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. படியில் நின்று, “இந்தக் கதவை நான் சாத்தினேன், நீர் திறவும்” என்று மட்டும் ஜெபித்தேன்.

“போன மாசம் ஒருத்தருக்கும் விருப்பமில்லையெண்டு நீங்கள்தானே தந்தனீங்கள்?” என்று கேட்டார் அதிகாரி.

“ஓம் சேர். பிழை என்ர. பிள்ளைகளிட்டக் கேட்கத் தெரியாமக் கேட்டுட்டன்.”

அவர் தாளிலிருந்த பெயர்களை எண்ணினார். “அந்த ரீச்சருக்கு இன்னும் இடமாற்றக் கடிதம் போகேல்ல. விட்டுட்டுப் போங்கோ, பார்ப்பம்” என்றார். ஆறு கிழமை ஒரு பதிலும் இல்லை. வெள்ளிதோறும் பட்டினியிருந்து காத்திருந்தோம். ஏழாவது கிழமை, அதே ஆசிரியை சம்பூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

சகோதரரே, சகோதரிகளே, உங்களிடத்தில் ஓர் ஆசை அடங்காமல் கிடந்தால் அதை எடுத்துவிடும் என்று கேளாதேயுங்கள். அதை ஆண்டவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். உங்களுடைய மனிதர்களிடமும் சொல்லுங்கள். பதினாறு வயதில் அவர் எனக்குச் செவிகொடுக்கவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு அந்த ஆசையை எடுத்திருந்தால், அந்தத் துண்டை வாசித்து ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இந்த வருஷம் ஜெனிற்றா உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். புதன்கிழமைகளில் நானும் அந்த வகுப்பின் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து, என் பழைய புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறேன். பாதி விளங்கும், பாதி விளங்காது. போன வெள்ளிக்கிழமை ரின்னில் என் கைக்கு ஒரு துண்டு வந்தது. பெயர் இல்லை. கையெழுத்து எனக்குத் தெரியும்.

‘இந்தக் கிழமை தொகையீடு விளங்க வேண்டும். எனக்கும், கடைசி வாங்கில் இருக்கிற அக்காவுக்கும்.’

சபை ஆமென் சொல்ல முதலே நான் சொல்லிவிட்டேன்.