பச்சை தெரியணும்

காஞ்சனாவுக்கு ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்காரத் தோன்றாது. திருத்தணியில் ஏறியதிலிருந்து கதவருகே நின்றபடி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வருவாள். கிளம்பும்போது புருஷன் பூபாலன் பூசிவிடுகிற திருநீறு.

"தூள் விழுந்தா லேபுல செல்லு கெட்டுப்பூடும்யா. எத்தினி வாட்டி சொல்லிக்கினே இருக்கறது?" என்பாள்.

"முருகன் விபூதி இன்னாடி பண்ணும்?" என்று அவனும் விடமாட்டான்.

கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளில் மரபணுவை ஏற்றி மனித செல்லுக்குள் அனுப்புவதுதான் சென்னை ஆய்வகத்தில் அவள் வேலை. மரபணு உள்ளே போய்ச் சேர்ந்தால் செல் பச்சையாக ஒளிரும். இதுவரை எல்லாமே இருட்டு. முந்தாநாள் செல்களோடு உருண்டைகளைக் கலந்து வைத்த தட்டை இன்று பார்க்க வேண்டும். மணவூர் தாண்டி வண்டி சும்மா நின்றபோது டிரைவரைத் திட்டித் தீர்த்தாள்.

ஆய்வகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இருட்டு. தட்டை நகர்த்தினாள். ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கொத்துக் கொத்தாக.

சொன்னால், "முருகன்தான்" என்பான் பூபாலன். ராப்பகலாக உழைத்தது அவளா, முருகனா? ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடே வெளியே வந்து பையைத் திறந்தாள். காலையில் துடைத்த திருநீறு கைக்குட்டையில் அப்படியே இருந்தது. தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.