வெள்ளிக்கிழமை மீன் வாடை

கோட்டாறு கடைத்தெருவில் கால் ஒடிந்து கிடந்த நாயை மகள் தூக்கி வந்தாள். அதுவரை எனக்கு நாய் என்றாலே ஆகாது. அப்புறம் என் பாயில் பாதி அதற்கு. எனக்கு இடுப்பு வலி வந்ததே அதனால்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அன்று மத்தியானம் மட்டும் அது எங்கேயோ போய், வாயில் சாளைமீன் வாடையோடு வரும். யாரோ மீன் போட்டு மயக்கி என் செல்லத்தைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பயம். சந்தேகம் பக்கத்து வீட்டுக்காரி மேல்.

"ஏட்டி, எங்க நாய்க்கு நீதானே மீன் போடுக?"

"எனக்க பிள்ளையளுக்கே பத்தாது. இதுல ஒங்க நாய்க்கு வேறயா, மயினி?"

நான் நம்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நாயின் பின்னாலேயே போனேன். அது முக்கு ஓட்டலுக்குள் நுழைந்தது. அங்கே, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிப் போன என் வீட்டுக்காரர், நெற்றி நிறைய விபூதியோடு பொரித்த சாளை தின்றுகொண்டிருந்தார்.

"ஏட்டி, ஏதோ தெருநாய், வெரட்டினாலும் போவல்ல," என்றார்.

அது அவர் மடியில் தலையை வைத்து வாலை ஆட்டியது.

இப்போது நாய் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் இன்னும் வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிறார். எனக்குத் துப்புச் சொல்லத்தான் ஆளில்லை.