மரத்துக்குப் பூட்ஸ் போட்டுப் பார்த்தவர்

விச்செக்தா ஆற்றங்கரையில் அக்னியாவுக்கு ஈடாகப் புல் அறுக்க ஆள் கிடையாது. பார்த்துப் பார்த்து அவளுக்கா இப்படி வர வேண்டும்? போன வருடம் புல் அறுத்து முடித்த பிறகு, மரம் வெட்டும் முகாமில் கட்டை உருண்டு, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புருஷன் செத்துப் போயிருந்தான், பிள்ளையும் இல்லை. இருந்தது மில்கா என்ற பசு ஒன்றுதான். பனி விழுவதற்குள் அதற்குக் காய்ந்த புல் சேர்த்தாக வேண்டும். நீளப்பிடி அரிவாளை வீச இரண்டு கையும் வேண்டும். அக்னியாவின் இரண்டு கையையும் ஊன்றுகோல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

“பசுவ எங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன் அண்ணி. பால் தினமும் வந்துரும்” என்றாள் நாத்தனார் பியோக்லா.

“பால் வரும். மில்கா வருமா?”

பியோக்லா கெட்டவள் இல்லை. பனி விழும்வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டு சோசிமா பனியில் இழுக்கும் சறுக்கு வண்டி செய்கிறவர். வாயைத் திறந்தால் வசவு, ஆனால் கேட்காமலே ஒரு மரக்கால் செய்து கொண்டுவந்தார். நேரான பிர்ச் கட்டையில் இழைத்து, மெழுகு பூசி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆற்றுச் சரிவில் அக்னியா முதல் வீச்சு வீசினாள். மரக்கால் கணுக்காலருகே படக்கென்று முறிந்தது. குப்புற விழுந்தாள்.

தூக்கிவிட ஓடிவந்த சோசிமா முறிந்த இடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் ஒரு மடப்பய! வண்டிச் சறுக்குக் கட்டைய எப்பவாவது நேர் மரத்துல அறுப்பேனா? வளையுற எடத்துல முறிஞ்சிருமே! வேரோட தோண்டி, வளைவு எங்க இருக்கோ அங்கதானே எடுப்பேன்! கால்னதும் புத்தி கெட்டுப் போச்சு.”

“திட்டுறதத் திட்டுங்கண்ணே, மொதல்ல என்னத் தூக்குங்க.”

தூக்கி உட்கார வைத்தார்.

“உன் இடது கால் பூட்ஸ் எங்க?”

“பெட்டியில சும்மாதான் கெடக்கு. எதுக்கு?”

“குடு, சொல்றேன்.”

மறுநாள் பியோக்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “அண்ணி! சோசிமாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு! காட்டுல ஒவ்வொரு பிர்ச் மரத்துக்கும் பூட்ஸ் போட்டுப் பாக்குறாரு! அளவு சரியில்லன்னு மரத்தத் திட்டுறாரு!”

ஊரே சிரித்தது. அக்னியாவும் சிரித்தாள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தனக்காக ஒரு மனிதர் இப்படி ஊர் சிரிக்க அலைவார் என்று அவள் நினைத்ததே இல்லை.

கடைசியில் கரைச் சரிவில் ஒரு இளமரம் கிடைத்தது. தண்டு நேராக இறங்கி, வேர் அந்தப் பூட்ஸ் அளவுக்கே பாதம்போல் முன்னால் திரும்பியிருந்தது. வேரோடு தோண்டி எடுத்து, குளியல் குடிலின் அடுப்புக்கு மேலே நாள் கணக்கில் மெல்லக் காயவைத்தார். அதற்குள் புல் முற்றிக்கொண்டிருந்தது. அக்னியா தினமும் ஊன்றுகோலோடு போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒருவழியாகக் கால் வந்தபோது, மரத்தின் ரேகைகள் அறுபடாமல் கெண்டைக்காலிலிருந்து இறங்கிக் கணுக்காலில் வளைந்து விரல்வரை ஓடின.

அதே சரிவுக்குப் போனாள். வீசினாள். கால் முனகியது, ஆனால் தாங்கியது. சாயங்காலத்துக்குள் பாதிச் சரிவுப் புல் அறுபட்டுப் படுத்துவிட்டது. பியோக்லா புல் வாரும் கோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அந்தப் பனிக்காலத்துக்கு மில்கா எங்கும் போக வேண்டியதில்லை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கடைசிப் புல் போரும் போட்ட அன்று, மீன் வைத்துச் சுட்ட ரொட்டியோடு அக்னியா சோசிமாவின் பட்டறைக்கு நடந்தாள். ரொட்டியைப் பட்டறை மேசையில் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கணுக்காலைத்தான் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா.”

ஒரு வருடமாக ஊரில் எல்லோரும் அவளிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

“இல்லண்ணே” என்றாள் அக்னியா. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. “நிக்கிறேன்.”