தொட்டியில் இறங்காத தண்ணீர்

இதை நான் கனவில் பார்க்கவில்லை. 1937, ஆடி மாதம், திருச்சி. மாலை ஆறு மணிக்கு, விளக்கு பளிச்சென்று எரிகிற அறையில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

ஒரு டாக்டரிடம், இதயத் துடிப்பைப் படம் பிடிக்கும் மெஷினைக் கவனிப்பது என் வேலை. நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் மூன்று உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்து உட்காருவார். துடிப்பு கண்ணாடித் திரையில் நிழலாக ஆடும், பிலிமில் அலையாகப் பதியும். ரத்தக் கொதிப்பு இதயத்தைத் தொட்டிருந்தால், ஆளுக்கு நோவு தெரியும் முன்பே ஓர் அலை தலைகீழாகிவிடும்.

அன்று வந்தவர் காந்தி மார்க்கெட் வெங்காய வியாபாரி அப்துல் சலாம். கொதிப்பு இருநூறைத் தாண்டியிருந்தது. பினாங்கில் இருந்த தம்பி பரக்கத் அலியை அழைத்துவரக் கப்பலேற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனைவி ஷரபுன்னிசா விடவில்லை. படம் சுத்தமாக இருந்தால் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிலிமைக் கழுவிப் பார்த்தேன். இளவட்டப் பையனின் இதயம் மாதிரி அத்தனை சுத்தம். நாடியைப் பிடித்தால் நிமிஷத்துக்குத் தொண்ணூறு. பிலிமில் அறுபது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. முன்பு ஓர் ஆசாமி, இன்சூரன்ஸுக்காகத் தனக்குப் பதிலாகத் தன் மச்சானை உட்காரவைத்து என் காதில் பூச்சுற்றியிருக்கிறார். அதனால் இந்த முறை பாயின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மெஷினை ஓட்டினேன்.

அதே அறுபது.

"பாய், கையையும் காலையும் வெளிய எடுங்க."

எடுத்தார். நிழல் அசையாமல் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. நிதானமாக... ஏறி இறங்கியது.

வயர் கோளாறோ என்று குனிந்தேன்.

கையை எடுத்தால் தொட்டியில் தண்ணீர் இறங்க வேண்டும்.

இறங்கவில்லை.

மூன்று தொட்டியிலும் விளிம்புவரை நின்றது... இன்னும் யாரோ கையும் காலும் வைத்திருப்பது போல.

டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் வந்தார். பிலிமை மட்டும் பார்த்தார்.

"நல்ல இதயம். போகட்டும்."

"இது அவரோடது இல்லீங்க டாக்டர்."

"வேற யார் உட்கார்ந்தா, சவரிநாதன்?"

வாசலில் ஷரபுன்னிசாவிடம், "அனுப்பாதீங்கம்மா," என்று கெஞ்சினேன். சலாம் பாய் சிரித்தார். "தம்பியப் பாத்து ஒம்பது வருஷமாச்சுங்க," என்றார்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். நடுக்கடலில் நெஞ்சு வலி. இறந்த உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஷரபுன்னிசா என்னைத் தேடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பினாங்கிலேர்ந்து ஆள் வந்துச்சுங்க. அவங்க தம்பியும் இல்லையாம். படகு கவுந்து கடல்ல முங்கிட்டாராம். மையத்து கெடைக்கவே இல்லியாம்."

"எப்பம்மா?"

"நீங்க படம் எடுத்தீங்களே... அதுக்கு மொத நாள்."