நட்சத்திர பல்பும் மீட்டர் தட்டும்

யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சட்டம் வந்தது. கரண்ட் மிச்சம் பிடிக்கும் சுருள் பல்பில் நட்சத்திர லேபிள் இல்லையென்றால் விற்கக் கூடாது. நட்சத்திரம் கூடினால் கரண்ட் குறைவு. ஆட்களோ நேர் மாறாகப் புரிந்துகொண்டார்கள்.

“அஞ்சு நட்சத்திரமா? ஹோட்டல் மாதிரி பில்லு வருமே!” என்று ஓடினார்கள்.

கடை முதலாளி முஸ்லிம்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பழைய மீட்டர் இருந்தது. “நானா, இதை மேசைல மாட்டுவோம். கண்ணால பார்த்தா நம்புவாங்க” என்றேன். மாட்டித் தந்தார்.

குண்டு பல்பைப் போட்டேன். மீட்டருக்குள் தட்டு விறுவிறுவென்று சுற்றியது. கழற்றிவிட்டு நட்சத்திர பல்பைப் போட்டேன். வெளிச்சம் அதே அளவு; தட்டு மட்டும் சோம்பேறி மாதிரி நகர்ந்தது. கூட்டம் கை தட்டியது. பஸ் கண்டக்டர் ஒருவர் இறங்கி வந்து, “ஆயெத் தான்ன நங்கி!” என்றார், இன்னொரு தடவை போடு தங்கச்சி என்று சிங்களத்தில். வெளியே டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தி பஜாரையே நிறுத்தி வைத்திருந்தேன்!

அந்தக் கூட்டத்தில் ரப்பர் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒருவர் தினமும் வந்து நின்றார். தட்டைப் பார்ப்பதாகச் சொல்வார். பார்வை தட்டில் இருக்காது. ஒன்றும் வாங்கவும் மாட்டார். ஒரு சனிக்கிழமை துணிந்து, “அஞ்சு நட்சத்திரத்துல ஒண்ணு குடுங்க” என்றார்.

சுற்றிக் கொடுக்கும்போது கேட்டேன்: “பின் ஹோல்டரா, திருகு ஹோல்டராங்க?”

முழித்தார். “தெரியலீங்க.”

“வீட்டுல எது இருக்கு?”

“எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கு இன்னும் கரண்டே வரலீங்க.”

நானா கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் காது சிவந்து நின்றவர், கடைசியில் தானும் சிரித்துவிட்டார்.

“அப்புறம் எதுக்குங்க வாங்குறீங்க?”

“வாங்கலேன்னா நீங்க எங்கூடப் பேச மாட்டீங்களே.”

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மறு வாரமே அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தை பிறந்ததும் கோயிலில் தாலி கட்டினார்.